புதுப்பிப்பு: வீட்டில் செய்த சிஎன்சி-யில் (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரத்தில்) பிராக்கெட் துளைகளைத் திருத்துதல்

கடையில் வாங்கிய 6061 வகை அலுமினியக் கலவை பிராக்கெட்டுகளின் 4.5 மி.மீ. துளைகளை எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்காக 5.5 மி.மீ. ஆக்கி, மையத்தையும் 0.3 மி.மீ. நகர்த்துவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை நன்றாக முடிந்தது.

டிரில் பிட் ஏற்கெனவே உள்ள துளையின் பக்கமே சாய்ந்துவிடும் என்பதால், பக்கவாட்டிலும் வெட்டும் சுழல் கருவியான 3 மி.மீ. ஒற்றை வெட்டுமுனை கார்பைடு எண்ட்மில்லைச் சுருள் பாதையில் இறக்கினேன். நிமிடத்துக்கு 18,000 சுற்று, 540 மி.மீ. ஊட்டம் (கருவி நகரும் வேகம்) என்றால் ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. சீவல் கிடைக்கிறது, ஊட்டத்தை மிகவும் குறைத்தால் முனை வெட்டாமல் உரசி, சூடேறிய அலுமினியம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் பலன் தந்தது பிடிப்புமுறைதான். பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மென்மையான அலுமினியத் தாடைகளைப் பொருத்தி, அவற்றைக் கழற்றாமலே பிராக்கெட்டின் வடிவத்தில் ஓர் இருக்கையை அதே இயந்திரத்தால் குடைந்தேன். அந்த இருக்கை இயந்திரத்தின் அச்சுகளுக்கு இணையாகவே அமைவதால், முதல் பிராக்கெட்டுக்குப் பூஜ்யப் புள்ளியை (இயந்திரம் அளவிடத் தொடங்கும் இடத்தை) வைத்த பிறகு, மற்றவற்றைச் சீவல் துடைத்த இருக்கையில் அழுத்தி உட்கார வைத்தாலே போதும். சிறிய பாகங்களைத் திருத்துவோர் அனைவரும் முதலில் இதற்கே நேரம் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அச்சுகள் திசை மாறும் இடங்களில், அவற்றை நகர்த்தும் திருகுத் தண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையிலான தளர்வால் துளையின் வட்டம் சிறிதே சிதைகிறது. போல்ட் நுழையும் துளைக்கு அது தடையல்ல. பேரிங் அமரும் துளையானால், தளர்வு நீக்கும் நட்டுகளைப் பொருத்தாமல் இதைச் செய்ய மாட்டேன்.