காக்னிட்டிவ் ரிசர்வ்: சேமிப்பா, ஈடுதிறனா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

மூளை சிதைவுற்றாலும் அறிதிறன் குன்றாமல் தாக்குப்பிடிக்கும் தன்மையைக் குறிக்கும் 'காக்னிட்டிவ் ரிசர்வ்' என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இவ்விழையில் இதுவரை அறிவாற்றல் ஒதுக்கம், அறிவாற்றல் சேமிப்பு, அறிதிறன் கையிருப்பு ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒதுக்கத்தை விட்டுவிடலாம், அச்சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்கு நினைவுக்கு வருவது வேறொரு ஒதுக்கீடு. மற்ற இரண்டையும் ஏற்கும் முன், இக்கருத்து எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்திருந்தனர். அவர்களுள் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் தெளிவாகக் காணப்பட்டபோதிலும், உயிரோடிருந்த காலத்தில் அவர்களுடைய அறிதிறன் நோயற்றவர்களுக்குக் குறையாமல் இருந்திருக்கிறது. அவர்களின் மூளை எடை கூடுதலாகவும், பெரிய நரம்பணுக்கள் மிகுதியாகவும் இருந்தன. இது உறுப்பின் அளவைச் சார்ந்தது. இதற்கு 'மூளை இருப்பு' என்ற பெயர் பொருந்தும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாகோவ் ஸ்டெர்ன் பின்னர் வலியுறுத்தியதோ செயல்பாட்டைப் பற்றியது: ஒரே அளவு சிதைவுற்ற இரண்டு மூளைகளுள் ஒன்று தளர, மற்றொன்று தாக்குப்பிடிப்பதற்கு, அது தன் நரம்பு வலையமைப்புகளை எவ்வளவு திறம்படவும் நெகிழ்வாகவும் பயன்படுத்துகிறது என்பதும் காரணம் என்றார் அவர்.

இந்த இரண்டாவதைச் 'சேமிப்பு' என்றால், இளமையில் வங்கியில் போட்டு முதுமையில் எடுத்துச் செலவழிக்கும் பணம் போன்ற எண்ணம் வாசகர் மனத்தில் பதிந்துவிடும். தரவுகள் அவ்வளவு எளிதாக இல்லை. ஸ்காட்லாந்தில் 1936-இல் பிறந்த பிள்ளைகளுக்கு 1947-இல், அவர்களின் 11-ஆம் வயதில், நாடு முழுவதும் அறிவுத்திறன் தேர்வு நடத்தப்பட்டது. அவர்களுள் சிலரை எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் முதுமையில் தேடிக் கண்டறிந்து, 73 வயதளவில் எம்ஆர்ஐ எடுத்தனர். மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, தடித்திருந்தோர் முதுமையில் எழுதிய அறிதிறன் தேர்வுகளிலும் சிறந்திருந்தனர் என்பது உண்மை. ஆனால் அத்தொடர்பின் பெரும்பகுதியைப் பதினொரு வயது மதிப்பெண்ணே விளக்கிவிட்டது. முதுமையில் ஒருமுறை எடுத்த படத்தைக் கொண்டு, மெல்லிய புறணி வயதால் தேய்ந்தது என்றோ தடித்த புறணி உழைப்பால் வந்தது என்றோ முடிவு கட்ட இயலாது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளர்களிடம் நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே, படிப்பை மட்டும் முதலீடாகக் காட்டும் சொல்லும் பொருந்தாது.

'காக்னிட்டிவ்' என்ற முன்னொட்டுக்கு, இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'அறிகை' போதும்; அறிவாற்றல் என்பது புத்திசாலித்தனத்தையும் குறித்துவிடுகிறது. சிதைவுக்கு ஈடுகொடுப்பது என்ற பொருளில் 'அறிகை ஈடுதிறன்' என்று முன்மொழிகிறேன்.

---

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அறிகையை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஈடுதிறனில் மட்டும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. பழுதுற்ற பகுதியின் வேலையை வேறு பகுதிகள் ஏற்றுக்கொள்வதையும் இத்துறையினர் தனியே பேசுகின்றனர்; ஸ்டெர்ன் அதைக் காக்னிட்டிவ் ரிசர்வ் செயல்படும் இரு வழிகளுள் ஒன்றாகவே வைக்கிறார். அதற்கு 'ஈடுசெய்தல்' என்பதைத் தவிர இயல்பான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. முழுமைக்கும் அதன் ஒரு கூறுக்கும் 'ஈடு' என்ற ஒரே வேர் அமைந்தால் கட்டுரையாளர் திணறுவார். 'தாக்குப்பிடிப்பது' என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி 'அறிகைத் தாங்குதிறன்' எனலாமே? பொறியியலில் சுமை தொடர்பாக இச்சொல் ஏற்கெனவே வழங்குவதால், சிதைவு ஏற ஏறத் தாங்கும் எல்லையும் ஒருநாள் கடக்கப்படும் என்பதையும் அது சேர்த்தே உணர்த்தும். நரம்பியல் ஆய்வாளர் லார்ஸ் நைபர்க் முதலியோர் 2012-இல் முன்வைத்த 'பிரெயின் மெயின்டனன்ஸ்', அதாவது சிதைவே குறைவாக நேர்வது, மூளை இருப்பு, அறிகைத் தாங்குதிறன் ஆகிய இரண்டிலிருந்தும் வேறு. அதற்கு 'மூளைப் பேணுகை' என்று வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒருசேரக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்பது என் கருத்து.