லீட் நாங்களே தர்றோம்னு சொல்ற இன்சூரன்ஸ் ஏஜென்சி: சேரலாமுங்களா?

பவானி_ஆத்தோரம்:

வணக்கமுங்க. ஈரோட்டுல ஒரு தனியார் லைஃப் இன்சூரன்ஸ் கிளையில ஏஜென்ட்டா சேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. கம்பெனி பேரு வேண்டாமுங்க. அவங்க சொல்றது இது: மாசம் 60 லீட் (பாலிசி வாங்க வாய்ப்பிருக்கறவங்க பேரும் நம்பரும்) அவங்களே தருவாங்க, லீட் ஒண்ணுக்கு 150 ரூபா கமிஷன்ல புடிச்சுக்குவாங்க. மூணு மாசத்துல 6 பாலிசி போடலைன்னா லீட் நின்னுடும். வேற கம்பெனி பாலிசி எதையும் தொடக்கூடாது. ஏஜென்ட் ஆக எழுதற ஐசி-38 பரீட்சைச் செலவு அவங்களோடது. டூவீலர்ல அந்தியூர், அம்மாபேட்டை, சித்தோடு வரைக்கும் நான் சுத்த முடியும்.

லீட்டுக்கு இந்த விலை ஞாயமுங்களா? நாளைக்கு வெளிய வந்தா நான் போட்ட பாலிசிகளுக்கு ரெண்டாம் வருஷத்துல இருந்து வர்ற ரினியூவல் கமிஷன் என்ன ஆகும்?

மஞ்சமண்டி:

தம்பி, 150 எச்சா கம்மியான்னு லீட்டை வெச்சுச் சொல்ல முடியாது. இஷ்யூ ஆன பாலிசிக்கு எவ்வளவு விழுதுன்னு பாக்கணும். 60 லீட்டுக்கு 9,000 ரூபா. ஒரு பேச்சுக்கு 25 பேரு போன் எடுக்கறாங்க, 8 பேரு வூட்டுக்கு வரச் சொல்றாங்க, 2 பேரு பாலிசி போடறாங்கன்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு வருஷ பிரீமியம் 24,000, முதல் வருஷக் கமிஷன் 20 சதம்னா தலைக்கு 4,800, ரெண்டுக்கும் 9,600. லீட் காசு போக 600 ரூபா. அந்தியூருக்கும் அம்மாபேட்டைக்கும் ஓடின பெட்ரோலுக்கே பத்தாது. மூணு பாலிசி ஆனா 5,400 நிக்கும். அந்த மூணாவது ஆளு 30 நாள் ஃப்ரீ லுக்குக்குள்ள பாலிசியைத் திருப்பிக் குடுத்துட்டாருன்னா கமிஷன் போயிரும், புடிச்ச லீட் காசு மட்டும் திரும்பி வராது. அதனால "பேசவே முடியாத நம்பருக்கும், ஃப்ரீ லுக்ல போன பாலிசிக்கும் லீட் காசு புடிக்க மாட்டோம்"னு எழுத்துல கேளுங்க. மறுத்தாங்கன்னா லீட்டோட தரம் அவங்களுக்கே தெரியும்னு அர்த்தம்.

கமிஷன் சதவீதத்தையும் வாய்ப்பேச்சுல ஒத்துக்காதீங்க. 2023 ஏப்ரல்ல இருந்து பாலிசிவாரி உச்சவரம்பு இல்லை. மொத்தச் செலவு வரம்புக்குள்ள கம்பெனி போர்டு வெக்கறதுதான் கமிஷன். பாலிசிவாரி அட்டவணையை ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் சேத்து வாங்குங்க. கம்பெனி லீட்ல வந்த பாலிசிக்கும் நீங்களே புடிச்ச பாலிசிக்கும் ஒரே சதவீதமான்னு பாருங்க.

2024 அக்டோபர் 1-ல இருந்து ஒரு வருஷ பிரீமியம் முழுசாக் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு (பாலிசியை நடுவுல விட்டாத் திரும்பக் கிடைக்கற காசு) குடுக்கணும். அதுக்கப்புறம் சீக்கிரமா சரண்டர் ஆன பாலிசிக்கு ஏஜென்ட்கிட்டக் கமிஷனைத் திருப்பிப் புடிக்கற ஷரத்து வரலாம். எத்தனை மாசத்துக்குள்ள, எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. 2025 செப்டம்பர் 22-ல தனிநபர் லைஃப், ஹெல்த் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லைன்னு ஆனதும், இன்புட் கிரெடிட் (கம்பெனி தான் கட்டற ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கற வசதி) போன சுமையை கமிஷன்ல எறக்கின கம்பெனிகளும் உண்டு. அவங்க சொல்ற 20 சதம் ஜிஎஸ்டி உள்ளடக்கமா, தனியான்னு கேட்டாத்தான் தெரியும். கமிஷன்ல முன்கூட்டியே புடிக்கற வருமான வரி, டிடிஎஸ், பெருசில்லை, 2025 ஏப்ரல்ல இருந்து 2 சதம், அதுவும் வருஷக் கமிஷன் 20,000 தாண்டினா.

பெருந்துறை_அக்கா:

லீட், லீட்டுன்னு சொல்றாங்களே, என்ன லீட்டுன்னு கேட்டீங்களா கண்ணு? அந்த ஒரு வார்த்தைக்குள்ள நாலு வகை இருக்குது.

பேஸ்புக் ஃபாரம் போட்டவரு ஒரு வகை. "இலவச ஹெல்த் கார்டு"ன்னு விளம்பரத்தைப் பாத்து அமுக்கினவருக்கு இன்சூரன்ஸ் போன் வரும்னே தெரியாது. எந்த விளம்பரம், எந்தத் தேதி, அதே நம்பரை இன்னும் எத்தனை ஏஜென்ட்டுக்குக் குடுத்திருக்காங்க, மூணையும் கேளுங்க. மூணு நாள் பழசான ஃபாரம் தேறறது கஷ்டம். கால் சென்டர்ல பேசி நேரம் குறிச்சுக் குடுக்கறது ரெண்டாவது, இருக்கறதுலயே இதுதான் உருப்படி. மூணாவது, பாலிசி முதிர்ந்து பணம் வாங்கப் போறவங்க பட்டியல். இதைப் புதுசா சேந்தவங்களுக்கு லேசுல குடுக்க மாட்டாங்க.

நாலாவது ஆர்ஃபன் பாலிசி, போட்ட ஏஜென்ட் வெளிய போயி நாதியில்லாமக் கெடக்கற பாலிசி. "60 லீட்"ல பாதி இதுவா இருந்தா ஆச்சரியமில்லை. முகவரி மாத்தறது, நாமினி மாத்தறது, பேங்க் கணக்கு மாத்தறதுன்னு வேலை பூரா உங்களுக்கு, ரினியூவல் கமிஷன் உங்க ஏஜென்ட் கோடு நம்பருக்கு வருமாங்கறது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இன்னொண்ணு. லீட் தர்றோம்னு கூப்பிடற அதே கிளையில ட்ரெயினிங்ல உங்களுக்குத் தெரிஞ்ச 100 பேரு பேரெழுதச் சொல்லுவாங்க, "ப்ராஜெக்ட் 100"ன்னு. மொதல் 6 பாலிசியும் அந்த 100 பேருக்குள்ளதான் போகும், உங்க மாமனும் சித்தப்பாவும்! கூப்பிடற மேனேஜருக்கும் எத்தனை ஏஜென்ட் சேத்தாருங்கறது டார்கெட். ஆளுங்களைச் சேத்துவிட்டா அவங்க கமிஷன்ல பங்குன்னு பேச்சு வந்தா எந்திரிச்சு வந்துருங்க, இன்சூரன்ஸ் சட்டம் 42ஏ பிரிவுல மல்டிலெவல் தடை.

பவானி_ஆத்தோரம்:

நன்றிங்க அக்கா. நீங்க சொன்ன பொறகு அவங்க லீட் பட்டியல்ல மாதிரிக்கு ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன். பாலிசி நம்பர், டிஓசி (பாலிசி தொடங்கின தேதி), எஃப்யூபி, மோட் (மாசமா வருஷமாங்கற தவணை முறை), சம் அஷ்யூர்டு (காப்பீட்டுத் தொகை), மொபைல்னு கட்டம் இருக்குது. எஃப்யூபி நெம்பப் பேருக்கு 03/2018, 11/2017ன்னு கெடக்குது. இதெல்லாம் லீட்டுங்களா?

பெருந்துறை_அக்கா:

இல்லீங்க கண்ணு. எஃப்யூபிங்கறது கட்டாம நின்னுபோன மொதல் தவணை. இப்ப இருக்கற விதியில பழைய மாதிரி எண்டோமெண்ட் (சேமிப்பு) பாலிசியை அந்தத் தேதியில இருந்து 5 வருஷத்துக்குள்ள உசுப்பலாம், சந்தையோட சேந்த யூலிப்னா 3 வருஷம். 2018 போனது போனதுதான். எஃப்யூபி ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கற வரியை மட்டும் எண்ணுங்க, அதுல மொபைல் நம்பர் இருக்கறதை எண்ணுங்க. அதுதான் அந்தப் பக்கத்துல நெசமான லீட்.

அந்தப் பட்டியல்ல இருக்கறவங்ககிட்டப் பழசை சரண்டர் பண்ணிட்டுப் புதுசு போடுங்கன்னு சொல்லச் சொல்லுவாங்க. அதைப் பண்ணாதீங்க. 45-வது பிரிவுப்படி 3 வருஷம் தாண்டின பாலிசியைக் கம்பெனி கேள்வி கேக்க முடியாது. புதுசு போட்டா அந்த 3 வருஷம் மொதல்ல இருந்து ஓடும். நடுவுல சக்கரை வியாதியை மறைச்சாருன்னு கிளைம் நின்னா அந்தக் குடும்பம் உங்க வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும்.

சங்ககிரி_லாரிப்பேட்டை:

வேற கம்பெனி எதையும் தொடக்கூடாதுன்னு சொல்றது சட்டத்தைத் தாண்டின பேச்சுங்க. 42-வது பிரிவுல ஒருத்தரு ஒரு லைஃப், ஒரு ஜெனரல், ஒரு ஹெல்த் கம்பெனிக்கு ஏஜென்ட்டா இருக்கலாம். ரெண்டு லைஃப் மட்டுந்தான் கூடாது. ஒப்பந்தத்துல ஜெனரலும் ஹெல்த்தும் கூடாதுன்னு இருந்தா அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. பவானி மாதிரி ஊர்ல டூவீலர், மினி லாரி, டிராக்டர் இன்சூரன்ஸ் வருஷா வருஷம் முடியும். கமிஷன் சின்னதுதான், ஆனா அந்தத் தேதியை நோட்டுல எழுதி வெச்சா 150 குடுக்காம வர்ற லீட் அதுதான். 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது டூவீலருக்கு தேர்ட் பார்ட்டி (எதிராளி நஷ்டத்துக்கானது) 5 வருஷம், காருக்கு 3 வருஷம் ஒட்டுக்காப் போட்டிருப்பாங்க. ஆர்சி தேதியைப் பாத்துட்டு, நடுவுல ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கானது) மட்டும் கேளுங்க.

லீட்டை உங்க சொந்த 10 இலக்க நம்பர்ல கூப்பிடச் சொல்றாங்களான்னும் கேளுங்க. விளம்பர அழைப்புக்கு 140-ல தொடங்கற நம்பர் வரிசை இருக்குது. சம்மதம் குடுக்காதவரு 1909-ல புகார் குடுத்தா, 10 நாளுக்குள்ள 5 புகார் சேந்தாலே உங்க நம்பர் மேல நடவடிக்கை வரும். ஒவ்வொரு லீட்டுக்கும் சம்மதம் வாங்கின தேதியோட பதிவு குடுக்கச் சொல்லுங்க.

மஞ்சமண்டி:

ரெண்டாவது கேள்வி விட்டுப்போச்சு. ரினியூவல் கமிஷன் வெளிய வந்த பொறகும் வருமாங்கறது ஏஜென்சி ஒப்பந்தத்துல "வெஸ்டிங்"கற தலைப்புல இருக்கும். எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கணும், நீங்களா ராஜினாமா பண்ணினா என்ன, டார்கெட் வராம அவங்களா நிறுத்தினா என்ன, நீங்க காலமாயிட்டா வூட்டுக்காரம்மாவுக்கு வருமா, இந்த நாலும் தனித்தனியா இருக்கணும். "கம்பெனி முடிவே இறுதி"ன்னு ஒத்தை வரி இருந்தா வெஸ்டிங் இல்லைன்னே எடுத்துக்குங்க. ராஜினாமா பண்ணி ஏஜென்ட் கார்டைத் திருப்பிக் குடுத்தா 15 நாளுக்குள்ள செசேஷன் சர்டிபிகேட் (ஏஜென்சி முடிஞ்சுதுங்கற சான்று) தரணும், அது இல்லாம அடுத்த லைஃப் கம்பெனில சேர முடியாது.

13-வது மாச பெர்சிஸ்டன்சியையும், அதாவது போட்ட பாலிசில எத்தனை ரெண்டாம் வருஷமும் ஓடுதுங்கற கணக்கையும், மறந்துறாதீங்க. பவானி ஜமக்காளத் தறிக்காரருக்கு வாரக்கூலி. அவருக்கு மாச மோட்ல 5-ம் தேதி பேங்க்ல புடிக்கற மாதிரி போட்டா ரெண்டாவது மாசமே பவுன்ஸ் ஆகும், மாச மோட்டுக்குச் சலுகை நாளும் 15-தான். கூலி கையில வர்ற நாளைக் கேட்டுத் தேதி வைங்க. மஞ்சக் காட்டுக்காரருன்னா வருஷ மோட், மண்டிக்குப் போயி காசு வாங்கற மாசத்துல டியூ விழற மாதிரி. ஆடியில குடுக்கற லீட்டை எடுத்துக்கவே வேண்டாம். "ஆவணி பொறக்கட்டும்"பாங்க, லீட் காசு ஆடிக்கே புடிச்சிருப்பாங்க.

பவானி_ஆத்தோரம்:

அந்தப் பக்கத்துல 32 வரிங்க. எஃப்யூபி ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கறது 5, அதுல மொபைல் இருக்கறது 3. வெஸ்டிங் பக்கத்தைக் கேட்டேன், "கோடு வந்த பொறகு பாத்துக்கலாம்"னு சொல்றாங்க.

மஞ்சமண்டி:

அப்பக் கையெழுத்தும் வெஸ்டிங் பக்கம் வந்த பொறகுன்னு சொல்லிடுங்க. அதுவரைக்கும் ஐசி-38 புஸ்தகத்தைப் படிச்சுட்டு இருங்க. 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதம் எடுத்தாப் பாஸ்.