ஆறு மாதச் செய்திகளை எண்ணிவிட்டு "ஊடகத்தின் தாக்கம்" என்று எழுதலாமா?

கடைசிப்பக்கம்:
ஊடகங்கள் எதைப் பெரிதாக்குகின்றன, எதை ஓரங்கட்டுகின்றன என்று வாய்க்கு வந்தபடி பேசாமல் எண்ணிப் பார்க்கலாம் என்று மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். இரண்டு நாளிதழ்கள், ஒரு செய்தித் தளம், ஒரு தொலைக்காட்சியின் இரவுச் செய்தி. காலம் ஆறு மாதம். விலைவாசி, குற்றம், வெள்ளம்-வறட்சி, கல்வி, மருத்துவம், தேர்தல் என்று ஆறு தலைப்புகள் போட்டிருக்கிறோம். சந்தேகங்கள் மூன்று. 180 நாளையும் படித்துத்தான் ஆக வேண்டுமா? தேடுபெட்டியில் சொல்லைப் போட்டு வரும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கடைசியில் "இதனால்தான் மக்கள் இந்தப் பிரச்சினையைப் பெரிதாக நினைக்கிறார்கள்" என்று முடிக்கலாமா?

எண்ணும்மை:
முதல் கேள்விக்கு: வேண்டாம். அதற்காகத் தொடர்ச்சியாக ஏழு நாளை எடுத்துவிடாதீர்கள். அந்த வாரம் ஒரு பெரிய விபத்து நடந்திருந்தால் உங்கள் ஆறு மாதமும் விபத்தாகவே தெரியும். 14 நாளுக்கு ஒன்று என்று எடுப்பதும் தவறு. இடைவெளி 7-ன் மடங்காக இருந்தால் ஒரே கிழமைதான் திரும்பத் திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை இதழின் குணமே வேறு.

வழக்கமான வழி "கட்டமைத்த வாரம்". ஆறு மாதத்தில் 26 திங்கட்கிழமைகள் இருக்கும். 1 முதல் 26 வரை சீட்டுப் போட்டு ஒன்றை எடுங்கள். செவ்வாய்க்குத் தனிச் சீட்டு, புதனுக்குத் தனிச் சீட்டு. இப்படி ஏழு கிழமைக்கு ஏழு நாள். ரிஃப், ஆஸ்ட், லேசி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1993-ல் ஒரு நாளிதழை வைத்துச் சோதித்தபோது ஆறு மாதத்துக்கு ஒரு கட்டமைத்த வாரம் போதும், ஓராண்டுக்கு இரண்டு என்று கண்டார்கள். உங்கள் பட்டியலில் வெள்ளம்-வறட்சி போல எப்போதாவது வந்து கொட்டும் தலைப்பு இருப்பதால் இரண்டு வாரமாக, அதாவது 14 நாளாக, எடுப்பதே நல்லது. தொலைக்காட்சிக்கும் தளத்துக்கும் அதே தேதிகள்.

அடுத்து, "ஒரு செய்தி" என்பது எது? பெட்டிச் செய்தி தனியா? படமும் படவிளக்கமும் மட்டும் இருந்தால் கணக்கில் உண்டா? இரவுச் செய்தியில் தலைப்புச் செய்தியாக ஒருமுறை, விரிவாக ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை வரும். இதை மூன்றாக எண்ணினால் எல்லாமே வீங்கிவிடும். முக்கியத்துவத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். செய்திகள் அழுத்துவதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்களா என்று ஆராய்ந்த மெக்கோம்ப்ஸும் ஷாவும் தங்கள் ஆய்வில் தொலைக்காட்சிக்கு வைத்தது எளிமையானது: 45 வினாடி அல்லது அதற்கு மேல் ஓடினால், அல்லது முதல் மூன்று செய்திகளில் ஒன்றாக வந்தால், அது பெரிய செய்தி.

இனி வகைப்பாடு. "பள்ளிக் கட்டணம் உயர்ந்தது" கல்வியா, விலைவாசியா? எண்ணத் தொடங்கும் முன்பே விதி எழுதி வையுங்கள். தலைப்பும் முதல் பத்தியும் எதைப் பற்றிப் பேசுகின்றனவோ அதுவே வகை என்பது பெரும்பாலும் தாங்கும். "மற்றவை" என்ற வகையே எல்லாவற்றையும் விடப் பெரிதாக வளர்ந்தால், தலைப்புப் பட்டியல் சரியில்லை என்று அர்த்தம்.

மூன்று பேரும் ஒரே மாதிரி வகைப்படுத்துகிறீர்களா என்பதைச் சோதிக்காமல் எண்ணாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். உதாரணமாக, இருவர் 100 செய்திகளை வகைப்படுத்துகிறார்கள், கேள்வி "வன்முறை இருக்கிறதா?". 90-க்கு இருவருமே "இல்லை", 2-க்கு இருவருமே "உண்டு". 4-ல் முதலாமவர் மட்டும் "உண்டு", இன்னொரு 4-ல் இரண்டாமவர் மட்டும் "உண்டு". ஒத்துப்போனது 92%. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவருமே 94 முறை "இல்லை" என்கிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் சொல்லியிருந்தாலும் 0.94 × 0.94 + 0.06 × 0.06 = 0.887 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவுதான் கோஹன் கப்பா: (0.92 − 0.887) ÷ (1 − 0.887), அதாவது சுமார் 0.29. உண்மையில் வன்முறை என்றால் என்ன என்பதில் இருவருக்கும் உடன்பாடே இல்லை. நீங்கள் மூவர் என்பதால், இருவருக்கு மேல் இருந்தாலும் பொருந்தும் இதே வகை அளவான கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா போடுங்கள்: 0.800-க்கு மேல் நம்பலாம், 0.667 வரை தயக்கத்தோடு வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போனால் விதியைத் திருத்திவிட்டு *புதிய* செய்திகளில் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய செய்திகளிலேயே மறுபடி சோதித்தால் மூவரும் விவாதித்து முடித்த விடைதான் திரும்பி வரும்.

ஒற்றுமிகும்:
தேடுபெட்டி எண்ணிக்கையை அப்படியே எடுக்கவே கூடாது, அதிலும் தமிழில். "வெள்ளம்" என்று தேடினால் வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளப்பெருக்கு, வெள்ளநீர் எல்லாம் நழுவும். சரி என்று "வெள்ள" என்று வெட்டிப் போட்டால் வெள்ளிக்கிழமை, வெள்ளை அறிக்கை, வெள்ளரி எல்லாம் வந்து குவியும், ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. "வெள்ளம்", "வெள்ளத்", "வெள்ளப்", "வெள்ளநீர்" என்று தனித்தனியாகத் தேடிச் சேர்த்து, இரண்டு முறை வந்தவற்றை நீக்குங்கள். அப்படியும் "மக்கள் வெள்ளத்தில் நீந்தி வந்த தலைவர்" உள்ளே இருப்பார். அவரைக் கையால்தான் வெளியேற்ற வேண்டும்!

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. "ொ" என்ற குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், "ெ" + "ா" என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடலில் வேறுவேறு. எண்ணுவதற்கு முன் எல்லா உரையையும் என்எஃப்சி (NFC, இப்படிப்பட்ட குறிகளை ஒரே முறையில் சேமிக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு இரண்டு சோதனைகள். தேடலில் வந்ததில் 100-ஐ எடுத்துப் படியுங்கள். எத்தனை உண்மையிலேயே அந்தப் பொருள்? அடுத்து, ஒரு நாள் இதழை முழுக்கக் கையால் வகைப்படுத்தி, தேடல் எத்தனையைத் தவறவிட்டது என்று பாருங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் பெரிய ஓட்டை அங்கேதான்.

தளத்தைப் பொறுத்தவரை, முகப்புப் பக்கம் நாளுக்குப் பல முறை மாறும், தலைப்பும் மாறும். காலை 8, மதியம் 1, இரவு 8 என்று நேரம் குறித்து முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லாக்-அவுட் செய்து தனிப்பட்ட சாளரத்தில் திறந்தாலும், இருக்கும் இடத்தையும் கருவியையும் பார்த்து வரிசை மாறலாம். அதனால் மூன்று நேரமும் ஒரே கருவி, ஒரே இணைப்பு. பழைய தேதிக்கு வேபேக் மெஷினை (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) நம்பினால் ஓர் எச்சரிக்கை: அதில் ஒரே பக்கத்தின் படங்களும் துணுக்குகளும் வேறுவேறு நேரத்தில் சேமிக்கப்பட்டவையாக இருக்கலாம். உரைக்கு ஏற்கலாம், "எது மேலே இருந்தது" என்பதற்குச் சரிபார்த்துத்தான்.

குறுக்குவினா:
மூன்றாவது கேள்விக்கு என் பதில்: எழுதக் கூடாது. நீங்கள் எண்ணுவது ஊடகத்தை மட்டும். மக்களை இன்னும் தொடவே இல்லை.

மேலே சொன்ன மெக்கோம்ப்ஸ்-ஷா ஆய்வையே பாருங்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில்லில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் முக்கியப் பிரச்சினைகளைக் கேட்டு, செய்திகளின் அழுத்தத்தோடு ஒப்பிட்டார்கள், 1972-ல் வெளியானது. ஒட்டுறவு (இரண்டு வரிசைகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.967. பாடநூல்களெல்லாம் இந்த எண்ணைப் போற்றும். ஆனால் ஒப்பிட்டது ஐந்தே பிரச்சினைகளை, அதுவும் 100 பேரின் மொத்தத்தை. ஒருவர் படித்த செய்தி அவர் நினைப்பை மாற்றியதா என்பதை இது காட்டாது. உங்களிடம் ஆறு தலைப்புகள். அதே பலவீனம் அப்படியே உண்டு.

வெள்ளம் வந்தால் செய்தியும் வரும், மக்களும் கவலைப்படுவார்கள். செய்திக்கும் கவலைக்கும் பின்னால் இருக்கும் மூன்றாவது காரணம் வெள்ளம்தான். அதனால் நிஜ நிலவர எண்ணிக்கையை (பதிவான குற்றங்கள், விலைக் குறியீடு, மழை அளவு) ஒரு தனி வரிசையாக வையுங்கள். ஃபங்க்ஹவுசர் என்ற ஆய்வாளர் 1973-ல் இப்படித்தான் செய்தார்: 1960-களின் அமெரிக்க வார இதழ்ச் செய்திகள், கேலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பு, நிஜப் புள்ளிவிவரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மக்கள் கருத்து செய்தியோடு ஒட்டிப் போனது; செய்தியோ பல பிரச்சினைகளில் நிஜத்தோடு ஒட்டவில்லை. வியட்நாம் போர்ச் செய்திகள், போர் உச்சத்தைத் தொடும் முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டன.

காரணம்-விளைவு வேண்டுமென்றால் சோதனைதான் வழி. அயங்கார், கிண்டர் குழுவினர் 1982-ல் வெளியிட்டது அப்படிப்பட்டது: செய்தி ஒளிபரப்பைத் திருத்தி, ஒரு பிரச்சினையைச் சில நாட்கள் கூடுதலாகச் செருகிக் காட்டினார்கள். அந்தப் பிரச்சினைகள் பார்த்தவர்களின் பட்டியலில் மேலே ஏறின; பணவீக்கம் மட்டும் ஏறவில்லை, ஏனென்றால் அது முன்பே உச்சியில் இருந்தது.

கருத்துக் கணிப்பு நடத்துவதென்றால் முதல் கேள்வியே "இன்று மக்கள் சந்திக்கும் மிக முக்கியமான பிரச்சினை எது?" என்று திறந்த கேள்வியாக இருக்கட்டும். எந்தப் பத்திரிகை படிக்கிறீர்கள் என்பதை முதலில் கேட்டால், நேற்றைய தலைப்புச் செய்தியை நீங்களே நினைவூட்டிவிடுவீர்கள். "ஊடகம் உங்களை மாற்றியதா?" என்று நேராகக் கேட்பது வீண். தன்னை மாற்றாது, அடுத்தவரைத்தான் மாற்றும் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். டேவிசன் 1983-லேயே இதற்கு "மூன்றாமவர் விளைவு" என்று பெயர் வைத்தார். 100 பேர் என்றால் பிழை எல்லை சுமார் ±10 சதவீதப் புள்ளி, 400 பேர் என்றால் ±5. அதுவும் குலுக்கலில் தேர்ந்தவர்களுக்குத்தான். வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்ட படிவத்துக்கு அல்ல.

கடைசிப்பக்கம்:
கணிப்பு எங்கள் சக்திக்கு மீறியது. எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறோம். எத்தனை செய்தி, எவ்வளவு பெரிது தவிர வேறு எதையாவது பதிவு செய்யலாமா?

எண்ணும்மை:
மருத்துவத் தலைப்புக்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: "அடிப்படை எண் தரப்பட்டிருக்கிறதா? ஆம்/இல்லை". 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதிய கருத்தடை மாத்திரைகள் ரத்தக் கட்டி அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்ற எச்சரிக்கை செய்திகளில் பரவியது. இரட்டிப்பு என்பது 7,000 பேரில் 1 என்பது 2 ஆனது. பயந்துபோன பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று கணக்கிடப்பட்டது. "100% அதிகம்" என்று மட்டும் போட்ட செய்தியையும், "7,000-ல் 1 என்பது 2" என்று போட்ட செய்தியையும் உங்கள் இப்போதைய அட்டவணை ஒரே கட்டத்தில்தான் எண்ணும்.

குறுக்குவினா:
அறிக்கையில் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "சீட்டில் எடுத்த 14 நாட்களில், இந்த நான்கு ஊடகங்களில், பெரிய செய்திகளில் இத்தனை குற்றம் பற்றியவை, அதே மாதங்களில் பதிவான குற்றங்கள் இத்தனை." "ஊடகங்கள்" என்று பொதுப்படையாக எழுதாதீர்கள், நீங்கள் பார்த்தது நான்கைத்தான். ஆல்ஃபா மதிப்பை ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாகப் போடுங்கள். மொத்தச் சராசரியைப் போட்டால் மோசமான தலைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.