பையனுக்கு மாத்திரையா, ஹாஸ்டலா?

திண்டுக்கல் அம்மா:
பையனுக்கு 13 வயது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் செல்போன் எங்கள் அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. கேட்டால் கண்ணைப் பார்த்தே "நான் எடுக்கலை" என்கிறான். ஒரு வருடமாகப் பள்ளிக்குக் கட், சின்னப் பையன்களை அடிப்பது, தெருநாய் மேல் கல். டாக்டர் 'கண்டக்ட் டிஸ்ஆர்டர்', அதாவது விதிகளை மீறுவதும் மற்றவர்களைத் துன்புறுத்துவதும் தொடரும் நடத்தைக் கோளாறு என்றார். மாமியார் வேண்டுதல் வைக்கச் சொல்கிறார்; வீட்டுக்காரர் கண்டிப்பான ஹாஸ்டல் என்கிறார். இதற்கு மாத்திரை இருக்கிறதா?

மதுரை அப்பா:
ஹாஸ்டல் வேண்டாம், சகோதரி. என் பையனை நான் போட்டேன். மூன்றே மாதத்தில் பீடி பழகிக்கொண்டு வந்தான். பெல்ட்டும் எடுத்தாயிற்று. கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் உளவியலாளர் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டது அவனை அல்ல, என்னையும் என் மனைவியையும்! திருடியது அவன், வகுப்பு எனக்கா என்று கோபம்தான் வந்தது. வாரம் ஒருநாள், 12 வாரம் போனோம். முதல் வீட்டுப்பாடம்: தினமும் 15 நிமிடம் அவனோடு இருக்க வேண்டும், புத்திமதி கூடாது. கேரம் ஆடினோம், ஒரு வார்த்தை பேசவில்லை.
என் கோளாறு அப்புறம்தான் பிடிபட்டது. "ஒரு மாசம் போன் கிடையாது" என்று கத்துவேன், மறுநாளே கொடுத்துவிடுவேன். இப்போது போனைப் பிடுங்குவது ஒரு மாலை மட்டும்தான், ஆனால் கெஞ்சினாலும் அதுவரை கிடையாது. திருட்டு நிற்க எட்டு மாதம் ஆனது. பொய் இன்னும் நிற்கவில்லை.

உளவியலாளர்:
இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும் உள்ள கோளாறு) இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். இருந்தால் அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை முரட்டுத்தனத்தையும் குறைக்கலாம். ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து கடும் ஆக்ரோஷத்துக்கு மட்டும், அதுவும் கொஞ்ச காலம். எடை ஏறும், கவனிக்க வேண்டும்.
சிகிச்சை முறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் தந்த வழிகாட்டுதலில், 11 வயது வரை பெற்றோர் பயிற்சிதான் முதலில். அதற்கு மேல் வீடு, பள்ளி எல்லாவற்றையும் சேர்த்துச் சிகிச்சை: வாரம் 3-4 சந்திப்பு, 3 முதல் 5 மாதம். நம்மூரில் அவ்வளவு யார் தருவார்கள்? அதனால் வகுப்பாசிரியரையாவது கூட்டாளியாக்குங்கள். வீட்டில் ஒரு சட்டம், பள்ளியில் ஒரு சட்டம் என்றால் பையன் இடையில் புகுந்துவிடுவான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திண்டுக்கல் அம்மா:
வீட்டுக்காரர் 15 நிமிடம் உட்கார மாட்டார், நான்தான் உட்கார வேண்டும். பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினேன். ஸ்ட்ரைக்கரைக் காணோம். அவன் ஸ்கூல் பையிலிருந்து எடுத்து நீட்டினான். எப்போது எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.