பெரிய சபதமா, சிறு பழக்கமா: சாதாரண ஆண்களுக்கு எது நிலைக்கும்?

கொங்குமண்:
ஜனவரி முதல் தேதி உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டியவர்களில் பலரை மாசி மாதம் அங்கே காண முடிவதில்லை. ஆரம்பசூரத்தனம் என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிக் காட்டுகிறார்கள். அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்ட காரியம்தான் அளவுக்கு மீறியது.

நாற்பத்தைந்து வயது, ஒன்பது மணி நேர வேலை, பஸ்ஸில் நின்றபடி பயணம், சர்க்கரை எல்லைக்கோட்டில். இவரிடம் போய், "விடியற்காலை நான்கரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஓடுங்கள்" என்றால் எத்தனை நாள் ஓடுவார்? பல் தேய்த்து வாய் கொப்பளித்ததும் அங்கேயே நின்று ஐந்து தோப்புக்கரணம் போடச் சொல்லுங்கள். வேலை நெருக்கும் நாளிலும் போட்டுவிடுவார்.

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வரும் ஒருவர், "இனி எனக்கு எப்போதும் பாதிச் சர்க்கரைதான், நானே மறந்து கேட்டாலும் போடாதீர்கள்" என்று மாஸ்டரிடம் சொல்லி வைத்தார். இப்போது அவர் தலை தெரிந்ததுமே மாஸ்டரின் கை ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. நாளுக்கு நான்கு டீ குடிப்பவர் அவர். டீக்கு ஒரு கரண்டி குறைந்தாலே நாளுக்கு 16 முதல் 20 கிராம் சர்க்கரை மிச்சம். அவர் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது அந்த ஒரு முறை மட்டும்தான்.

பாளையங்கோட்டை:
ஐந்து தோப்புக்கரணத்தால் யாருக்குச் சர்க்கரை இறங்கியது? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் சொல்வது ஒரு நிமிடம்கூட வராது. அதைவிட, அது தரும் திருப்திதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைய கடன் தீர்ந்தது என்று மனிதர் நிம்மதியாகப் பரோட்டாவுக்கு உட்கார்ந்துவிடுவார்.

சாதாரண ஆண்களுக்கு ஊக்கம் குறைவு என்பதையும் ஏற்கமாட்டேன். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநர், கொத்தனார், சுமை தூக்குகிறவர் என எல்லோரும் சாதாரண ஆண்கள்தாம். பீடி, மது, இறைச்சி மூன்றும் ஒரே நாளில் நிற்கின்றன. விடியுமுன் குளிர்ந்த நீரில் குளியல், தரையில் படுக்கை, காலில் செருப்பில்லை. இப்படி 41 நாள்! பெரிதாகக் கேட்டால் பெரிதாகத் தருவார்கள். வள்ளுவர் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நீங்கள் ஊக்கத்தையே கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுகிறீர்கள்.

கொங்குமண்:
மாலை நல்ல எடுத்துக்காட்டு ஐயா. அதையே எடுத்துக்கொள்வோம்.

அந்த 41 நாளில் அவரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது? கறுப்பு வேட்டியோடு மதுக்கடை வாசலில் நிற்க முடியாது. முதலாளி முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரை "சாமி" என்றுதான் அழைக்கிறார்கள். வீட்டில் தனிச் சமையல். குடிக்கும் நேரத்தில் பஜனைக்குக் கூட்டம். தவறினால் கேட்க குருசாமி இருக்கிறார். "இன்று குடிக்கலாமா" என்று தினமும் மனதோடு மல்லுக்கட்டும் வேலையே அவருக்கு இல்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. பலர் அந்த வாரமே பழையபடி ஆகிறார்கள். மனிதர் அதே மனிதர்தான். கொடியைத் தாங்கிய பந்தலைப் பிரித்துவிட்டோம். நான் கேட்பது மார்கழிக்குப் பிறகும் நிற்கக்கூடிய ஒரு சின்னப் பந்தல்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஆளுக்கொரு புதுச் செயலை, தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்துச் செய்து பார்த்தார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் என்பது போல. அது தானாக வரும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 41 நாள் பலருக்குப் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பின்னடைவு இல்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. விரதம் ஒரு நாள் முறிந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்கும் ஆண்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

150 நிமிடம் சரிதான். ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதே நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்பது இப்போது அவர்களே சொல்வது. வள்ளுவரும் ஊக்கமுடைமையோடு நிறுத்தவில்லை. வலியறிதல் அதிகாரத்தின் 473-ஆம் குறளில், தன் வலிமை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் கிளம்பி இடையில் முறிந்தவர் பலர் என்கிறார்.

இரவுப்பணி:
எனக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. "காலை ஆறு மணிக்கு" என்று தொடங்கும் எந்த அறிவுரையும் எங்களுக்கு உதவாது. கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டியதுதான் நின்றது. சாப்பாட்டு கேரியரைக் கழுவிக் கவிழ்த்ததும் மில் வளாகத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். பகலோ இரவோ, கேரியர் கழுவாத நாள் கிடையாது.

ஆனால் புகையிலையில் நான் பாளையங்கோட்டை ஐயா பக்கம். "தினம் ஒன்று குறைக்கிறேன்" என்ற தோழர்கள் சம்பள நாளிலோ சண்டை வந்த நாளிலோ பழைய கணக்குக்கே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். விட்டவர்கள் ஒரே நாளில் விட்டவர்கள்தாம்.

மல்லிகைப்பந்தல்:
அண்ணன்மார்களே, மாலை போட்டவருக்குத் தனிச் சமையல் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அதைச் சமைத்தது யார்? விடியுமுன் எழுந்து வாசல் கழுவியது யார்? எங்கள் வீட்டில் அவர் தினமும் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறார், நல்ல பழக்கம் என்று எல்லோரிடமும் சொல்கிறார். இரவில் வெந்தயத்தை ஊற வைப்பது நான். நான் அம்மா வீட்டுக்குப் போனால் அந்தப் பழக்கமும் என்னோடு பஸ் ஏறிவிடுகிறது. மாத்திரை டப்பாவை நிரப்புவதிலிருந்து எல்லாமே அவர் கையால் நடந்தால்தான் அதை அவருடைய பழக்கம் என்று சொல்வேன்.

பாளையங்கோட்டை:
சகோதரி சொல்வது நியாயம். விரதத்தின் பெருமையில் பாதி வீட்டுப் பெண்களுக்குச் சேர வேண்டியது.

மதுவிலும் புகையிலையிலும் நான் இறங்கி வரமாட்டேன், அங்கே பாதி வழி என்று ஒன்றில்லை. நடை, உணவு விஷயத்தில் கொங்குமண் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஐந்திலேயே ஒருவர் ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? மாதம் ஒரு படி ஏற்றியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள்.

கொங்குமண்:
மதுவும் புகையிலையும் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும், அவற்றுக்கு மருத்துவர் துணையும் வேண்டும். வெந்தயம் ஊற வைப்பதும் அதைக் குடிப்பவர் வேலைதான், அதில் மறுபேச்சு இல்லை.

மாதம் ஒரு படி என்ற விதியைத்தான் நான் ஏற்கமாட்டேன். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம், ஆடிக் கழிவு விற்பனையில் கூடுதல் வேலை என்று ஏதாவது ஒரு மாதம் படி ஏறாது. ஏறாத அன்றே மனிதர் ஐந்தையும் விட்டுவிடுவார். ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும். இன்னும் வேண்டுமென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்ததும் தெருமுனை வரை நடந்து வரட்டும்.