புதுசாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் போடும் சத்தங்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சூளைமேட்டுக்காரன்:

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சென்னையில் கம்ப்யூட்டர் பார்ட் விற்கும் ரிச்சி தெருவில் நாலு மணி நேரம் அலைந்து, பிராசசர் முதல் கேபினட் வரை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஞாயிறு. அங்கே பெரும்பாலான கடைகள் லீவு. ஒரு ஸ்க்ரூ குறைந்தால்கூட ஓடிப்போய் வாங்க முடியாதே என்ற பயத்தோடு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து அசெம்பிள் செய்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது, கூடவே சத்தமும் வந்தது. ஒன்றல்ல, நாலு வகை. ஒவ்வொன்றாகப் பிடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அதில் பாதி நாள் தப்பான பார்ட்டைச் சந்தேகப்பட்டே கழிந்தது.

முதலாவது, 'டர்ர்ர்'. சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் பலூன் கட்டி ஓட்டியிருந்தால் உங்களுக்கு உடனே புரியும், அதே சத்தம்தான். பின்பக்க ஃபேன் என்று முடிவுகட்டி பக்கப் பலகையைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும். மாட்டினால் மறுபடி வரும். ஃபேனைக் குற்றம் சொல்லி மாற்றக் கிளம்பும் வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால், மதர்போர்டுக்குப் பின்னால் அவசரத்தில் திணித்து வைத்த வயர்க்கட்டை அந்தப் பக்கத்துப் பலகை அழுத்துகிறது. அழுத்தியதும் ஒரு மெல்லிய வயர் முன்னால் பிதுங்கி ஃபேன் இறக்கையில் உரசுகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று, ஏழு இறக்கை, ஆக நொடிக்கு 140 தடவை. அதனால்தான் 'டிக் டிக்' என்று தனித்தனியாக விழாமல் ஒரே கரகரப்பாகக் கேட்டிருக்கிறது. ஒரு ரூபாய் பிளாஸ்டிக் டையில் வேலை முடிந்தது.

இரண்டாவது, மூச்சு வாங்குவது மாதிரியான சத்தம். சும்மா இருக்கும்போது அமைதி. பிரவுசரைத் திறந்தால் 'ஹூஊஊ' என்று எழும்பி, மூன்று நொடியில் அடங்கும். குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் சரியாகப் படவில்லை என்று நினைத்து கூலரைக் கழற்றித் துடைத்துப் புதிதாகத் தடவினேன். வீண் வேலை. இப்போதைய பிராசசர்கள் சின்ன வேலை வந்தாலும் வேகத்தைக் குபீரென்று ஏற்றுகின்றன. வெப்பநிலை ஒரே நொடியில் 15, 20 டிகிரி தாவும். ஃபேன் அதை அப்படியே பின்தொடர்ந்து ஓடும். நம் ஊர் ஏப்ரலில் ஏசி இல்லாத அறை 33 டிகிரியில் இருந்தால் சும்மா இருக்கும்போதே பிராசசர் சூடாகத்தான் இருக்கும், கொஞ்சம் ஏறினாலே ஃபேன் அலறும் கோட்டைத் தாண்டிவிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் செட்டிங்ஸ் திரை) ஃபேன் பகுதிக்குப் போய், வேகம் ஏற எடுக்கும் நேரத்தைச் சில நொடிகள் தள்ளி வைத்தேன். எந்த டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கையும் 60 டிகிரி வரை ஒரே சீரான வேகம் என்று மாற்றினேன். அன்றிலிருந்து அது மூச்சு வாங்கவே இல்லை.

மூன்றாவது சத்தம்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. ஒன்பதாவது படிக்கும் மகள், "அப்பா, கேம் போட்டா கீஈஈன்னு கத்துது, காது வலிக்குது" என்றாள். நான் கேபினட்டில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. மனைவியும் இல்லை என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தோம். அப்புறம் போனில் ஒலி அலைவரிசையைப் படமாகக் காட்டும் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். கேம் மெனு திறந்ததும் 14,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஈட்டி மாதிரி ஒரு கோடு எழும்பியது. வயது ஏற ஏற மேல் ஸ்தாயி முதலில் கழன்றுவிடும். எனக்கு 47. குழந்தை சொன்னது உண்மை, என் காதுதான் பொய் சொல்லியிருக்கிறது. அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இதைக் காயில் வைன் என்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டில் மின்சாரத்தைச் சீர்ப்படுத்தும் சின்னச் சின்னச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே போகும் மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்க, சுருளும் கூடவே அதிர்கிறது. அந்த அதிர்வு காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிட்டால் கீச்சுச் சத்தம். விளையாட்டைவிட மெனுவில் அதிகமாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. மெனுவில் வரைய ஒன்றுமில்லாததால் கார்டு நொடிக்குப் பல நூறு படங்கள் வரைந்து தள்ளுகிறது. அதை 60க்கு மட்டுப்படுத்தியதும் ஆப்பில் கோடு படுத்துவிட்டது. கார்டுக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

நாலாவது, ராத்திரியில் 'டக்'. சற்றுப் பொறுத்து இன்னொரு 'டக்'. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்ட ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்று பதறி, விடிய விடிய பத்து வருடப் போட்டோக்களைக் காப்பி எடுத்தேன். மறுநாள் காலையில் சத்தமே இல்லை. மதியமும் இல்லை. ஏழரை மணிக்கு மேல் மறுபடி. இப்படி மூன்று நாள் ஆன பிறகுதான் உறைத்தது. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டு ஏசியும் ஓடத் தொடங்கும் நேரம் அது. மின்னழுத்தம் இறங்கும்போது யூபிஎஸ் தனக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சை மாற்றி வோல்டேஜை உயர்த்துகிறது, அந்த 'டக்' அங்கிருந்துதான் வருகிறது. மேஜைக்கடியில் கேபினட்டும் யூபிஎஸ்ஸும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் எது பேசுகிறது என்று எப்படித் தெரியும்?

சத்தம் எப்படி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இத்தனை நாள் வீணானது. எப்போது வருகிறது என்று முதல் நாளே ஒரு தாளில் குறித்திருந்தால் பாதி வேலை மிச்சம். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பெரம்பூர்வாசி:

சார், உங்கள் யூபிஎஸ் கதை படித்ததும் என் இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். பழைய கம்ப்யூட்டர் அதில் பிரமாதமாக ஓடியது. புதிதாகக் கட்டியது கரண்ட் இருக்கும்போது பூனை மாதிரி இருக்கும், கரண்ட் போனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) வண்டு புகுந்த மாதிரி 'ர்ர்ர்ர்' என்று இரையும். ஒரு தடவை அப்படியே அணைந்தும் போனது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் போட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்லியே சார்" என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான், அங்கே நேரடி மின்சாரம். இப்போதைய எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ளே வரும் அலையைச் சீராக இழுக்க ஆக்டிவ் பிஎஃப்சி என்று ஒரு பகுதி இருக்கிறது. அது வழவழப்பான சைன் அலையை எதிர்பார்க்கிறது. படிக்கட்டு மாதிரி அலையைக் கொடுத்தால் முனகும், சிலது அணைந்தே போகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றியபின் வண்டு போய்விட்டது. அது மட்டும் கம்ப்யூட்டர் வாங்கியபோது கணக்கில் வராத செலவு.

வேளச்சேரி ராத்திரிப்பறவை:

என் சத்தம் காதுக்குள் வந்தது. கேபினட் முன்பக்கத்தில் இயர்போனைச் செருகி மவுஸை நகர்த்தினால் 'ஜ்ஜீ ஜ்ஜீ'. பக்கத்தை மேலே கீழே உருட்டினால் அதற்கேற்ற தாளத்தில் வேறு. இயர்போனைப் பின்பக்கம் மதர்போர்டிலேயே செருகியபோது குறைந்தது. முன்பக்கத்துக்கு வரும் ஆடியோ வயர் கேபினட் முழுக்கச் சுற்றி, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் புகுந்து வருகிறது. வழியில் இருக்கும் இரைச்சலை எல்லாம் பொறுக்கிக்கொண்டுதான் வரும்.

ஆனால் முழுசாகப் போகவில்லை. ஒரு நாள் செருப்பில்லாமல் தரையில் நின்று கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டேன், சுரீர் என்றது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. எங்களுடையது பழைய வாடகை வீடு. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்ட்டைக் கழற்றிக் காட்டினார், மூணாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியைக் கேபினட் உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கூசுவதோடு போகிறது. உள்ளே வேறு ஏதாவது கோளாறு வந்தால் கூசுவதோடு நிற்காது. ஹவுஸ் ஓனரிடம் நான்கு தடவை கேட்டு எர்த் இழுத்தோம். இயர்போன் இரைச்சலும் அன்றைக்கே போனது. பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிறவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆவடி அண்ணாச்சி:

நான் பிராசசரைத் தண்ணியால் குளிரவைக்கும் வாட்டர் கூலர் போட்டவன். ஆன் செய்ததும் 'குளுகுளு' என்று குழாயில் தண்ணி வரும் சத்தம். லீக் என்று பயந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், சொட்டுகூட இல்லை. உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கத்தான் செய்யும், அது மேலே போய் உட்கார இடம் வேண்டும். நான் அந்தத் தண்ணியின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் மாட்டியிருந்தேன், ஆகவே மேலே இருந்த பம்ப்பில் போய்க் காற்று தங்கிவிட்டது. ரேடியேட்டரைக் கூரைக்கு மாற்றினேன், சத்தம் போச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி, நல்லா ஓடுது.

மந்தைவெளி:

எனக்கு 'கிண் கிண் கிண்'. மூன்று நாள் தேடினேன். ஆயுத பூஜைக்குக் கேபினட் மேல் வைத்த பித்தளைக் குங்குமச் சிமிழை அம்மா எடுக்கவே இல்லை.

சர்வீஸ்காரர் ஒருவர்:

இருபது வருடமாக இந்தத் தொழில். சூளைமேட்டுக்காரர் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டு முதல் வேலையாகக் காப்பி எடுத்தது சரியான வேலை, அதை வீண் என்று நினைக்க வேண்டாம். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் சும்மா இருக்கும்போதும் ஐந்து நொடிக்கு ஒரு தடவை மெல்ல 'டொக்' என்று கேட்கும். தேய்மானத்தைக் குறைக்க, தகவலைப் படிக்கும் ஹெட்டை அதுவே அசைத்துக்கொள்கிறது. பயப்பட வேண்டியது அதுவல்ல. டிஸ்க் சுற்றத் தொடங்கி, 'டக் டக் டக்' என்று வரிசையாக அடித்து, நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதே, அதுதான் ஆபத்து. அப்போது கேட்டுப் பார்க்கலாம் என்று திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே கீறல் அதிகமாகலாம்.

கேபினட் முழுவதும் தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று முனகினால் அதுவும் பெரும்பாலும் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ், மெல்லிய தகரத்துக்கு அது போதும். கையை மேலே அழுத்தி வைத்தால் சத்தம் மாறும். ரப்பர் வாஷர் போட்டால் தீரும்.

எந்த ஃபேன் என்று தெரியவில்லையா? பேப்பரைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோங்கள். டாக்டர் மாதிரி. இறக்கையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நிறுத்திப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மறுநாள் அதே ஃபேனோடு வருவார்கள். சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் என்றால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ஆன், ஆஃப் செய்யும்போது அதற்குள் ஒரே ஒரு 'க்ளிக்' வந்தால் அது ரிலே, நல்ல சத்தம்.

இன்னொன்று. நம் ஊரில் பல்லியை மறந்துவிட்டீர்கள். பின்னால் கார்டு செருகும் ஸ்லாட்டின் தகர மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே விட்ட இடைவெளி வழியாக உள்ளே போகும், கதகதப்பு அதற்குப் பிடிக்கும். சத்தமும் அதுவே போடும், சில சமயம் மதர்போர்டையும் எரித்துவிட்டுச் செத்துக் கிடக்கும். புது கேபினட்டில் வரும் அந்தத் தகர மூடிகளைக் குப்பையில் போடாதீர்கள்.

சூளைமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேளச்சேரிக்காரர் சொன்னதும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எங்கள் வீட்டில் எர்த் இருக்கிறது. மூடிகள் விஷயம்தான் பகீரென்றது. நான் இரண்டைக் கழற்றிப் பாயிலேயே விட்டிருந்தேன், மகள் அவற்றைக் கம்பாஸ் பெட்டியில் ஸ்கேலாக வைத்திருக்கிறாள். ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றுக்குப் பதிலாக நொடிக்கு 60 படம் என்ற கட்டுப்பாட்டை 75 ஆக்க வேண்டுமாம். ஆப்பை ஓடவிட்டு மாற்றிப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் கேட்கிறது, ஆனால் பரவாயில்லை என்கிறாள்.