கிணத்தடியில தள்ளி நிண்டவர்: நாவலுக்கு ஒரு கேள்வி

கேள்வி (கல்லடியில் இருந்து)

வணக்கம். பகல்ல தட்டச்சு வேலை, இரவில ரெண்டு வருஷமா ஒரு நாவல் எழுதுறன். கொலைக் கேஸ்ல மரண தண்டனை கிடைச்சு, 11 வருஷத்துக்குப் பிறகு மேன்முறையீட்டில விடுதலையாகி வந்த ஒருவரை ஒரு பெண் விரும்பிக் கல்யாணம் முடிக்கிறாள். திகில் கதைதான், ஆனா துரத்தல், ரத்தம் ஒண்டும் இல்ல. எல்லாம் வீட்டுக்குள்ளதான்.

எங்கட பக்கம் வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தானே, மாப்பிள்ளதான் வந்து குடியிருக்கிறது. அதால அவர் வந்து ஏறுறது அவள்ட வீட்ட. செத்துப்போனது அவர்ர முதல் மனிசி, அவட சீதன வீட்டுக் கிணத்துக்குள்ள. இவள்ட வளவிலயும் ஒரு கிணறு இருக்கு. சீமெந்து வளையம் இறக்கினது, எட்டிப் பார்த்தா முகம் தெரியிற ஆழம்.

அவர் ராவிலதான் குளிப்பார். வாளி வளையத்தில முட்டாம கயிற விடுவார், தண்ணியில இறங்குற சத்தமே வராது. அவள் படுத்துக் கிடந்து மேல ஊத்துற சத்தத்த வச்சு எத்தின வாளி எண்டு எண்ணுவாள். தன்னை எழுப்பக்கூடாதெண்டு இவ்வளவு பக்குவமா, இல்ல சத்தம் வராமச் செய்யப் பழகின கையா? இந்த அதிகாரத்த ஏழு தரம் எழுதிற்றன்.

வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய் வழக்குரை படிக்கிறதக் கேட்டுக்கொண்டு இருக்கக்குள்ளதான் எனக்கு இடிச்சது. அம்மன்ட கையில மற்றச் சிலம்பு இருந்தது, உடைச்சுக் காட்டினா. புருசன் கள்ளன் இல்லயெண்டு அவவுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரல்ல. என்ட பொண்ணுட கையில சிலம்பு இல்ல. தீர்ப்புப் பேப்பர் மட்டும்தான்.

உயர் நீதிமன்றம் குடுத்த தீர்ப்ப மேல இருக்கிற நீதிமன்றம் எந்தக் காரணத்துக்கு உடைக்கும்? சட்டப்படி சரியா இருக்கணும், படிச்சு முடிச்ச பிறகும் அவளுக்குச் சந்தேகம் மிஞ்சணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1 (ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், திருக்கோவில்)

தங்கச்சி, முதலில் ஒரு திருத்தம். 'உயர் நீதிமன்றம்' என்று நீங்கள் எழுதியது இந்தியப் படங்களில் வரும் பெயர். எங்கள் நாட்டில் கொலை வழக்கை விசாரிப்பது மேல் நீதிமன்றம். அங்கிருந்து கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். உயர் நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் மேலே. தண்டனைச் சட்டக்கோவை 296 ஆம் பிரிவில் குற்றவாளியாகக் கண்டால் உங்கள் ஆளுக்கு மரண தண்டனைதான், நீதிபதிக்கு வேறு தெரிவு கிடையாது. 1976 க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை. ஆகவே அவர் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் இருந்திருப்பார், பார்க்கப் போகிறவர்கள் மட்டக்களப்பில் இருந்து ஒரு நாளையே செலவழித்துப் போயிருப்பார்கள்.

இனிக் காரணம். நேரில் கண்டவர் இல்லை, சூழ்நிலைச் சான்று மட்டும் என்று வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 'இவர்தான் செய்தார்' என்பதைத் தவிர வேறு நியாயமான முடிவுக்கு இடமே இருக்கக்கூடாது. நீதிபதி, 'எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கூண்டில் நின்று சொன்ன கதையை நம்ப முடியாது, ஆகவே குற்றவாளி' என்று எழுதிவிட்டால் தீர்ப்பு பிழையாகிவிடும். நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநருக்கு உரியது. எதிரி சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பாரம் இவர் தலைக்கு மாறாது. உங்கள் பெண் தீர்ப்பை முழுக்க வாசித்தாலும் 'இவர் சொன்னது உண்மை' என்று ஒரு வரியும் அகப்படாது.

இன்னொன்று தருகிறேன், இது என் தொழிலில் இருந்து. அயல்வீட்டு அம்மா பொலிஸில் தமிழில் சொல்கிறா: "கிணத்தடியில தள்ளி நிண்டவர்." சிங்களத்தில் எழுதுகிறவருக்குத் 'தள்ளி' மட்டும் காதில் விழுந்தால் வாக்குமூலம் 'தள்ளினார்' ஆகிவிடும். அவவுக்கு அதை வாசிக்கத் தெரியாது, கையெழுத்து வைத்துவிடுவா. பொலிஸ் வாக்குமூலம் தனித்துச் சாட்சியம் ஆகாது, சாட்சி மாறிச் சொல்கிறாரா என்று காட்டத்தான் உதவும். அதையே சாட்சியமாக எடுத்துத் தீர்ப்பெழுதினால் மேலே நிற்காது. ஒரு சொல்லுக்காக நீதிபதியிடம் அனுமதி கேட்டு, சாட்சியை மறுபடி சொல்ல வைத்த நாட்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த ஒரு சொல்லில் ஒரு மனிதர் நிற்கிறார்.

பதில் 2 (கல்முனை)

அக்கா, நான் திகில் கதை விடாம வாசிக்கிறவன். கடைசியில அவர்தான் செய்தவர் எண்டு வைங்க. அதுதான் அடிக்கும். அப்பாவி எண்டு முடிச்சா இவ்வளவு நேரம் என்னத்துக்குப் பயந்த நாங்க எண்டு வாசகன் கேட்பான்.

பதில் 3 (களுவாஞ்சிக்குடி)

தம்பி, அப்பிடிச் சொல்லாதீங்க. எங்கட மாமா, அம்மாட தம்பி, இப்பிடி வந்தவர். 9 வருஷம். எல்லாக் கதையிலயும் கடைசியில இவங்கதான் செய்தவங்க எண்டு முடிஞ்சா மாமா எந்த முகத்தோட சந்திக்குப் போறது?

புள்ள, உங்களுக்கு நான் கண்டதச் சொல்றன். அவர் பின்னேரம் அஞ்சு மணிக்குச் சோறு கேட்பார். உள்ளுக்கு அந்த நேரம்தானாம். எட்டு மணிக்கு எங்களோட இருந்து சாப்பிட அவருக்கு ஒரு வருஷம் எடுத்திச்சு. தீர்ப்பிட கடைசிப் பக்கத்த லெமினேட் பண்ணி, ஒரு சொப்பின் பேக்கில சுத்தி, சேட்டுக்குள்ள வச்சுக்கொண்டுதான் வெளிய போவார். இங்கிலீசுல இருக்கு, அவருக்கு வாசிக்கத் தெரியாது. விடுதலை எண்டு இருக்கிற வரிக்குக் கீழ பேனையால கோடு போட்டிருக்கு, அதக் காட்டுவார். ஒரு கல்யாண வீட்ட வெத்திலத் தட்டு அவரத் தாண்டிப் போச்சு. அங்கயும் எடுத்துக் காட்டினார். குற்றம் செய்யாத ஆள் என்னத்துக்குப் பேப்பரக் காட்டித் திரியிறார் எண்டு மறுகா ஊரெல்லாம் கதை. காட்டாம இருந்தா ஒளிக்கிறார் எண்டிருப்பாங்க.

எனக்கும் ஒருநாள் அந்த எண்ணம் வந்தது. என்ட மகள் அவர்ர மடியில நித்திரையாப் போயிருந்தாள். நான் போய்த் தூக்கிற்றன். அவர் ஒண்டும் சொல்லல்ல, சாறனச் சரிபண்ணிக்கொண்டு எழும்பி வெளிய போயிற்றார். அத நான் இன்னும் மறக்கல்ல.

கேள்வி கேட்டவர்

ஐயா, மேல் நீதிமன்றம் எண்டு திருத்திற்றன். 'தள்ளி நிண்டவர்' என்ட கதைக்கு நடுத்தூண் ஆயிற்றுது. அவள் ஒருநாள் அந்த அயல்வீட்டு அம்மாவத் தேடிப் போறாள். அம்மாவுக்கு இப்ப வயசு போயிற்று, பல்லும் இல்ல. "தள்ளி..." எண்டு தொடங்கி, வெத்திலைய மெண்டுகொண்டு கிணத்தப் பார்க்கிறா. அடுத்த சொல் வரக்குள்ள அவள் எழும்பி வந்திருவாள்.

தம்பி, நீங்க சொன்னதப் போன மாசம் வரைக்கும் நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தன். இனி இல்ல. அவர் செய்தவரா இல்லையா எண்டு நான் எழுதப் போறதில்ல. அந்தப் பயம் அவள்ட, அதத் தூக்கி அவர்ர தலையில போட எனக்கு மனம் வரல்ல. வாளிச் சத்தம் கேட்காத இரவு அப்பிடியே இருக்கும். கடைசியில அவளும் எழும்பிப் போய்க் கிணத்தடியில நிற்பாள்.

அக்கா, அந்த லெமினேட் பேப்பர நாவல்ல வைக்கலாமா? மாமாட்டக் கேட்காம வைக்க மாட்டன்.

பதில் 3 (களுவாஞ்சிக்குடி)

கேட்டன் புள்ள. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். மறுகா எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைசிப் பக்கத்த மட்டும் போட வேணாமாம். எல்லாப் பக்கத்தையும் ஆரையும் கொண்டு தமிழில வாசிப்பிச்சுப்போட்டு எழுதட்டாம். தனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்ட ஏலுமா எண்டும் கேட்கச் சொன்னார்.